கருநாக்கு

"நீட்டு."

சரோஜாக்கா சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். சித்திரை வெயில், மதியச் சாப்பாட்டு நேரம், கம்பெனிக்குப் பின்னால் கை கழுவுகிற குழாயடி. என் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் பாதி மிச்சமிருந்தது. சுற்றிலும் கூட வேலை செய்கிற பெண்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. 

"என்னத்தக்கா நீட்டணும்?"

"நாக்கை நீட்டுடி."

நீட்டினேன். ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. சரோஜாக்கா ஈரக்கையால் என் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நாக்கு காய்ந்து, எச்சில் முகவாயில் வழிந்தது.

"இடது ஓரத்துல. வந்து பாருங்கடி."

ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தார்கள். கடைசியாகப் பார்த்தவள் பிலோமினா. என் பக்கத்து மெஷின், எனக்கு இருந்த ஒரே சிநேகிதி. பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கருநாக்கு," என்றாள் சரோஜாக்கா. சத்தமாகக்கூட இல்லை.

குழாயை மூடாமலே எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நான் மூடினேன். அப்போது உள்ளேயிருந்து யாரோ சொன்னது கேட்டது: "பேரு மட்டும் கலைவாணி. நாக்குல குந்திகினு கீறது எமன்."

கடுகளவு

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாக்கில் கறுப்பு மச்சம் இருந்தால் அது கருநாக்கு. அந்த வாயிலிருந்து வருவது பலித்துவிடும் என்பார்கள். 'நல்லாயிரு' என்றாலும் பலிக்கும், 'நாசமாப் போ' என்றாலும் பலிக்கும். ஆனால் கருநாக்குக்காரர்கள் நல்லது சொன்னதாக யாரும் கதை சொல்லி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரிலிருந்த வட்டக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனேன். இருந்தது. கடுகளவு. என் வாய்க்குள்ளேயே இத்தனை வருஷம் என்னோடு சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. யாராவது தன் நாக்கைத் தானே பார்த்துக்கொண்டு திரிவார்களா?

"அம்மா, என் நாக்குல மச்சம் இருக்கா?"

"இருக்கு." அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. "பொறக்கும்போதே இருந்துச்சு. சொன்னா அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பே. அதான் சொல்லல."

அம்மா என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஏரிக்கரை ஷெட்

நான் வேலை பார்த்தது ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனி. எண்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவி வாங்கிய வீடெல்லாம் ஸ்டெபிலைசரும் வாங்கிய காலம். கரண்டு ஏறும், இறங்கும். குண்டு பல்பு திடீரென்று பூ மாதிரி மலர்ந்து மறுபடி சுண்டும். அதனால் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட். ஒரு பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாபின் கட்டையில் செப்புக் கம்பியைச் சுற்றுவோம். கம்பி தலைமுடி மாதிரி மெலிசு. விரலிடுக்கில் ஓடும்போது சூடாக இருக்கும். எத்தனை சுற்று என்று மெஷினில் உள்ள கவுண்ட்டர் காட்டும். ஆனாலும் எல்லோரும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவோம். மெஷின் இருக்கிற இடமாயிற்றே.

ஷெட்டின் கோடியில் சோதனை மேஜை. சுற்றி முடித்ததற்குக் கரண்டு கொடுத்துப் பார்ப்பார்கள். கொடுத்தவுடன் அது 'ம்ம்ம்ம்' என்று உறுமும். ஏதோ சொல்ல வந்து, வாயைத் திறக்காமலே நிற்கிற மனுஷனின் சத்தம். மழை நாளில் ஏரியின் ஈரக் காற்றோடு அந்தச் சத்தம் சேர்ந்தால் யாரோ நம் முதுகுக்குப் பின்னால் நின்று முனகுகிற மாதிரியே இருக்கும். நான் பல தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

சொல்லிவிட்டால் நடக்காது

என் வியாதி என்னவென்று நான் எழுதிவருகிற இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். பயம். கிளம்பும்போது பயம், போய்ச் சேர்ந்தபின் பயம். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற வழியில் 'ஃபெயிலாயிடுவோம்' என்று ஒரு நினைப்பு வந்தது. தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். பரீட்சை முடிகிற நேரத்துக்கு எழுந்து வீட்டுக்குப் போனேன். என் படிப்பு அந்த பெஞ்சில் முடிந்தது.

அப்புறம் ஒரு டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. வருகிறவர்களிடம் "என்ன சார், மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?" என்று நான் கேட்கப் போய், பாதிப் பேர் மயக்கம் வருகிறது என்று பெஞ்சில் படுத்துவிட்டார்கள். டாக்டர் கோபமாக ஒரு பார்வைதான் பார்த்தார். மறுநாளிலிருந்து நானே போகவில்லை. ஜவுளிக்கடை ஒன்றிலிருந்தும் அப்படித்தான் நின்றேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு நம்பிக்கை. மனசில் ஒரு பயம் வந்தால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அது நடக்காது. உள்ளேயே வைத்திருந்தால்தான் நடக்கும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானாக வைத்துக்கொண்டது.

அதனால் ஸ்டெபிலைசர் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். "இந்த ஃபேன் ஆடுதே, விழுந்துடப் போவுது." விழுந்தது. நல்லவேளை, கீழே ஆளில்லை. சோதனை மேஜை தனசேகர் அண்ணனிடம், "அண்ணா, புது மொபெட்டு, பாத்துப் போங்க, கைகால் ஒடைஞ்சிடும்." இரும்புலியூர் வளைவில் விழுந்து மாவுக்கட்டோடு வந்தார். இவை இரண்டும் எல்லோர் ஞாபகத்திலும் நின்றன. கூரை பறக்கும், ஏரி உடையும், லாரி ஸ்டிரைக் வரும், எனக்குக் காமாலை வரும் என்று நான் சொன்னவை ஓராயிரம். அதெல்லாம் நடக்கவில்லை. நடக்காததை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

மூன்றாவதுதான் என்னை முடித்தது.

சரோஜாக்காவின் மகள் ஜெயந்தி ஒருநாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். வண்டலூரில் கட்டிக்கொடுத்த பெண். மாசமாக இருந்தாள், முகத்தில் அப்படி ஒரு மினுமினுப்பு. குழாயடியில் பாசியில் காலை வைக்கப் போனவளிடம், "பாத்து நட ஜெயந்தி, வழுக்கிடும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பத்திரமாகத்தான் வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் புருஷன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்த சரோஜாக்கா என்னிடம் கேட்ட முதல் வார்த்தைதான் அந்த 'நீட்டு'.

கிராம்பு

அதற்கப்புறம் என் மெஷினை ஏரிப்பக்கச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்தால் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும். நான் உட்கார்ந்ததும் மறுபடி ஓடும். என் ஸ்டூலுக்குக் கீழே ஒருநாள் எலுமிச்சம்பழம் இருந்தது, இன்னொரு நாள் வேப்பிலை. எதிரே வந்தவர்கள் 'தூ தூ' என்று துப்பிவிட்டுப் போனார்கள். வாட்ச்மேன்கூட நான் வணக்கம் சொன்னால் காதைச் சொறிகிற மாதிரி பொத்திக்கொள்வார்.

பிலோமினா ஒருத்திதான் ரகசியமாகப் பேசுவாள். ஒரு பொட்டலம் கிராம்பு கொடுத்தாள்.

"வாயில ஒண்ணு போட்டுக்கோ. பேச்சு வராது."

"நீயும் நம்புறியா பிலோ?"

"நம்பல. ஆனா எதுக்கு வம்பு? எங்க அண்ணனுக்குப் பொண்ணு பாத்துகினு கீறாங்க."

கிராம்பை அடக்கிக்கொண்டு வேலை செய்தேன். மதியத்துக்குள் நாக்கு மரத்துவிடும். மரத்த நாக்கு என்னுடையது மாதிரியே இருக்காது. வாய்க்குள் வேறு யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கும். பயங்களோ வந்துகொண்டேதான் இருந்தன. சொல்ல முடியாமல் உள்ளேயே அடுக்கிக்கொண்டே போனேன். ஆடிக்காற்று போய், ஐப்பசி மழை வந்தது. ஏரி ஏறி ஷெட்டின் பின்சுவரைத் தொட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் 'தளக் தளக்' என்று தட்டும். இந்தப் பக்கம் நான்.

ஏன் நிற்கவில்லை என்று அம்மா கேட்டாள். வழக்கமாக நான் முதல் கல்லிலேயே ஓடுகிறவள். ஆனால் இந்தத் தடவை ஒன்று உறைத்தது. இங்கிருந்து ஓடினால் இந்தப் பெயர் எனக்கு முன்னால் ஓடும். தாம்பரம் சின்ன ஊர். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அங்கே ஒருத்தி, "நீட்டு" என்பாள். பயந்துகொண்டேதான் போனேன், ஆனால் தினமும் போனேன். பரீட்சைக்குப் பயந்து உட்கார்ந்த மாதிரி இனி ஒரு பெஞ்சிலும் உட்காரக்கூடாது என்று இருந்தது.

"நல்லதா ஒரு வார்த்தை"

மார்கழி பிறந்த சமயம், சாப்பாட்டு நேரத்தில் நான் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆள் அரவம். சரோஜாக்கா. மாதக்கணக்கில் என் நிழல் படாமல் நடந்தவள், என் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஜெயந்தி மறுபடி முழுவாம கீறா."

நான் கிராம்பைத் துப்பினேன். 

"உன் நாக்குதான் பலிக்குதே. நல்லதா ஒரு வார்த்தை சொல்லு. 'கொழந்த நல்லபடியா பொறக்கும்'னு சொல்லு. உன் வாயால சொல்லு. போதும்."

அவளுடைய கை கரைப்புல்லைக் கண்டபடி பிய்த்துக்கொண்டிருந்தது. கம்பி ஓட்டும்போது ஒரு நூலிழை பிசகாத கை அது.

சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஆனால் எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? அந்தப் பெண் மறுபடி விழுகிறாள், ரத்தம், ஆஸ்பத்திரி. வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வந்து விழும் என்று தோன்றியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். வாயில் உப்புக் கரித்தது.

"சொல்லுடி!"

தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று.

சரோஜாக்கா எழுந்தாள். முகம் கறுத்துவிட்டது. "அப்போ வேணும்னேதான் கீறே. என் பொண்ணு நல்லாயிருக்கிறது உனுக்குப் புடிக்கல."

"அய்யோ, இல்லக்கா, எனக்குப் பயமா..."

"வாய மூடு! பேசாத! பேசித் தொலைக்காத!" காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

பல்லி

அன்று சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். என்ஜினீயருக்குப் படித்தவர். மேஜைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

"நான் இதெல்லாம் நம்பறவன் இல்லம்மா. சுத்த மூடநம்பிக்கை. பட், லேடீஸ் எல்லாம் ஒரே பிடிவாதமா இருக்காங்க. ஒண்ணு நீ, இல்ல அவங்க. நான் என்ன பண்ண முடியும் சொல்லு... இல்ல இல்ல, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது கையை முகத்துக்கு நேராக உயர்த்தினார். கல் வருகிறது என்று தடுக்கிற மாதிரி.

நான் வெளியே வந்தேன். கிளம்பத்தான் வந்தேன், சத்தியமாக. ஷெட்டின் நடுவில் எல்லோரும் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எல்லோரும் சுவர்ப்பக்கம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். பிணத்துக்கு வழிவிடுகிற மாதிரி. அந்த வழியில் பாதி நடந்தவள் நின்றுவிட்டேன். எந்தச் சாமி நிறுத்தியதோ.

"என் நாக்கு பலிக்கும்தானே?" என்றேன். என் குரல் கரகரவென்று வந்தது, புழங்காத கதவு மாதிரி.

 தனசேகர் அண்ணன் சோதனை மேஜையை அணைக்காமல் விட்டிருந்தார். அது உறுமிக்கொண்டிருந்தது.

"அப்போ கேட்டுக்குங்க. நாளைக்குக் காலையில பெல் அடிக்கிறதுக்குள்ள நான் செத்துடுவேன்."

பிலோமினா, "ஏசுவே!" என்றாள்.

"செத்துட்டா நீங்க சொன்னது சரி. பெல் அடிக்கும்போது நான் கேட்டுல நின்னேன்னா, இது வெறும் நாக்கு. கறி. அவ்ளோதான். அப்புறம் யாரும் என்னை..."

முடிக்கவில்லை. தலைக்கு மேலே ட்யூப்லைட் பட்டியிலிருந்து பல்லி சொன்னது. 'டிக் டிக் டிக் டிக்.'

ஒருவர் பேசும்போது பல்லி சொன்னால் அது சத்தியம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். சரோஜாக்காவின் விரல் தானாகவே பக்கத்து மேஜையைத் தட்டியது. பழக்கம். நல்ல வார்த்தைக்குத்தான் அப்படித் தட்டி ஆமோதிப்பது. எதற்குத் தட்டினோம் என்று உறைத்ததும் விரலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் அதுவரை என் கண்ணாடியில் மட்டும் பார்த்திருந்த பயம் அது.

இட்லி வேண்டாம்

ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தூங்கவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

விடிந்ததும் உயிரோடு இருக்கிறோமா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். அம்மா ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்; நான் வாசலுக்குப் போய்விட்டேன், வெடிக்கும் என்று. இட்லி வைத்தாள், தொண்டையில் சிக்கும் என்று சாப்பிடவில்லை. தண்ணீரைக்கூடப் புரையேறாமல் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன்.

"என்னடி, விரதமா?"

"ஆமாம்மா."

வெளியே எதிர்வீடு தெரியாத பனி. மார்கழிப் பனி ஏரிப்பக்கம்தான் அடர்த்தியாக இருக்கும். அன்று தாம்பரம் முழுக்க இறங்கியிருந்தது. எங்கோ கோயில் ஒலிபெருக்கி பாடியது. பாட்டு வருகிற திசை தெரியவில்லை. கரண்டுக் கம்பத்தைச் சுற்றிப் போனேன். நாயைக் கண்டு தெரு மாறினேன். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டும்வரை நின்றேன். ஸ்டேஷன் மேம்பாலத்தில் கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினேன். செங்கல்பட்டு வண்டியில் வாசல் பக்கமே போகாமல் நடுவில் நின்றேன். பெருங்களத்தூரில் இறங்கியபோது கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு.

எதுவெல்லாம் என்னைக் கொல்லும் என்று எண்ணி எண்ணி வந்தவள், எண்ணாமல் விட்டது ஒன்று இருந்தது.

அந்த ஸ்டேஷனில் எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் அந்தப் பக்கம் போவோம். அன்றும் நடந்தேன். முன்னால் போனவர்கள் பனிக்குள் கரைந்துவிட்டார்கள். காலடியில் ஜல்லி மட்டும் தெரிந்தது. அடுத்த தண்டவாளத்தில் காலைத் தூக்கி வைக்கப் போனேன்.

"கலைவாணி."

பின்னாலிருந்து. கத்தவில்லை, கெஞ்சவில்லை. வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி.

பின்னாலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பாதே, மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷர்கள் என்று அம்மா சொல்லி வளர்த்தாள். நான் முதல் கூப்பாட்டிலேயே திரும்பிவிட்டேன்.

யாருமில்லை. வெள்ளையாகப் பனி.

அதே நேரம் என் முதுகில் ஒரு பெரிய காற்று அறைந்தது. புடவைத் தலைப்பு முகத்தை மூடியது. காது அடைத்தது. நான் கால் வைக்க இருந்த தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடித்திருப்பான். எனக்குக் கேட்கவில்லை. பெட்டி பெட்டியாகப் போய் முடிந்தபின்தான் அது கேட்டது, தூரத்தில், ஏரிக்கு அப்பால்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பித் தேடினேன். "யாரு? யாருங்க?" என்று கேட்டேன்.  அந்தக் குரல் ஆணா பெண்ணா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பழகிய குரல். அதை மட்டும் சொல்வேன். சில நாள் நினைக்கும்போது அது என் குரல் மாதிரியே இருக்கிறது.

இதைக் கம்பெனியில் யாருக்கும் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பந்தயம் யார் பக்கம் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. இப்போது எழுதும்போதும் கை சில்லிடுகிறது.

"கீது"

கம்பெனி கேட்டை நெருங்கும்போது வாட்ச்மேன் தாத்தா மணி அடிக்கிற இரும்புக்கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டுதான் எங்கள் மணி. என்னைப் பார்த்தார். கம்பி கையிலேயே நின்றது.

உள்ளே யாரும் மெஷினில் உட்காரவில்லை. எல்லோரும் கேட்டுக்கு உள்ளே கூட்டமாக நின்றார்கள். முதலாளியும் நின்றார், சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு, ஏதோ வேறு வேலையாக வந்தவர் மாதிரி.

நான் சிரிக்கப் பார்த்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் தரையில் இருந்தது. என் கால் இருக்க வேண்டிய இடத்தில்.

பேய்க்குக் கால் தரையில் பாவாது. அதைத்தான் தேடினார்கள். தெரியவில்லை. ஏரியிலிருந்து தவழ்ந்து வந்த பனி என் முழங்கால் வரைக்கும் மூடியிருந்தது. நானும் குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. ஒரு நிமிஷம், சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ரயில் போனபோது நான் உண்மையிலேயே எந்தப் பக்கம் நின்றேன்?

"பிலோ, நீ போய்ப் பாரு," என்று யாரோ தள்ளினார்கள்.

"நான் மாட்டேம்பா. நீ போ."

கடைசியில் சரோஜாக்கா வந்தாள். எனக்கு நேராக வந்து நின்று, அப்படியே முட்டி போட்டாள். பனிக்குள் கையை விட்டுத் துழாவினாள். அவள் விரல் என் கணுக்காலைத் தொட்டது. பிடித்தது. அழுத்தியது. கீழே இறங்கி என் கட்டைவிரல் வரைக்கும் தடவிப் பார்த்தது. என்னைவிட எத்தனையோ வயது மூத்தவள்.

"சில்லுனு கீது," என்றாள் யாரிடமோ. பிறகு, "ஆனா கீதுடி."

வாட்ச்மேன் தாத்தா மணியை அடித்தார். அவ்வளவு பலமாக அவர் அடித்து நான் கேட்டதில்லை.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "சரி சரி, டைமாச்சு. எல்லாரும் போங்க. கலைவாணி, நீயும்தான்."

பிலோமினா ஓடிவந்து என் கையைக் கிள்ளினாள், ரத்தம் வருகிற அளவுக்கு. "பாவி, ராத்திரி பூரா ஜெபம் பண்ண வச்சிட்டியே!" என்று அழுதாள். நான் அவளை அடித்தேன். இரண்டு பேரும் கேட்டில் நின்று அசிங்கமாக அழுதோம்.

சுவரோரம்

என் மெஷினை யாரும் நகர்த்தவில்லை. சுவரோரமே உட்கார்ந்தேன். இந்தத் தடவை மெஷின்கள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தன.

மத்தியானத்துக்கு மேல் சரோஜாக்கா தன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள். காலியாகக் கிடந்த பக்கத்து மெஷினில் பாபினை மாட்டினாள். ரொம்ப நேரம் கம்பியை மட்டும் ஓட்டினாள். அவள் கண் சிவந்திருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் நாக்கு வெறும் கறி என்று ஆகிவிட்டால், ஜெயந்தி விழுந்ததற்கு இனி அவள் யாரைத் திட்டுவாள்?

என் வாயில் கிராம்பு இல்லை. பயம் வந்தது, வழக்கம்போல. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்கிற பயமும் கூடவே வந்தது. ஏழெட்டு மாதமாக அடுக்கி வைத்ததெல்லாம் நெஞ்சில் முட்டியது. 

"அக்கா."

"இன்னா."

"ஜெயந்தி... அந்தக் குளியலறை... இன்னும் பாசியாத்தான் இருக்குதா? மறுபடியும் வழுக்கிட்டா?"

சொல்லிவிட்டேன்.  பிலோமினாவின் மெஷின் நின்றது. கோடியில் சோதனை மேஜை மட்டும் உறுமியது.

சரோஜாக்கா என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கம்பியைப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு போட்டுத் தேச்சாச்சு. நானே போயி தேச்சேன்."

"சாக்கு போடச் சொல்லுங்க. ஈரத்துல..."

"போட்டாச்சு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா? ரத்தம் கம்மியா இருந்தா..."

"கம்மிதான்னாங்க. முருங்கக்கீர குடுக்குறேன். மாத்திரையும் குடுத்துகீறாங்க."

"பஸ்ல அனுப்பாதீங்கக்கா. வண்டலூர் ரோடு குண்டும் குழியுமா..."

"அனுப்பல. என் வூட்டுக்கே இட்டாந்துட்டேன்."

பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தட்டியது. சரோஜாக்கா ஒரு பாபினை முடித்து அறுத்துவிட்டு, இன்னொன்றை மாட்டினாள். கம்பியின் முனையைச் சுற்றி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வேற?" என்றாள்.